ஓசையில்லாத ரதம்

சென்ற மாதம் ஒரு நாள், பாடம் முடிந்து மணி அடிக்கச் சில நிமிஷங்கள் மீதமிருந்த வேளையில், நமது வகுப்பில் ஒரு சிறு வாதம் கிளம்பிற்று. உலகத்திலுள்ள மோட்டார் வண்டிகளிலெல்லாம் உயர்ந்தது எது என்பதே வாதம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பந்தய வண்டி ஒன்றின் பெயரைச் சொன்னான் ஒரு பையன். முகப்பிலே வெள்ளிப் பதுமை நிற்கும் ரோல்ஸ்-ராய்ஸைத் தவிர வேறெதுவும் உயர்ந்ததாகாது என்றான் மற்றொருவன். அவரவர் கட்சிக்கு ஆதரவாக ஆரவாரம் எழுந்தது. அதுவரையில் வாய் திறவாமலிருந்த ஒரு சிறுமி மெல்ல எழுந்து, "ஸார், வண்டி உயர்ந்ததா என்பதை உள்ளே உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டுமா, வெளியே நின்று பார்ப்பவர் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கலைந்து சென்றனர். கேள்வி மாத்திரம் நம்முடன் வீட்டுக்கு வந்தது.

அதற்கு விடை தேடிப் படித்துக்கொண்டு போனபோது, ஜப்பான் தேசத்து வண்டி ஒன்று நம் கவனத்தைப் பற்றிக்கொண்டது. டொயோட்டா கம்பெனியார் 1967-ஆம் வருஷம் வெளியிட்ட 'செஞ்சுரி' என்னும் வண்டியே அது. நாம் அதில் ஏறினதில்லை. உபாத்தியாயர் சம்பளத்தில் இனி ஏறப்போவதாகவும் நம்பிக்கையில்லை. எனினும் அதன் வரலாற்றை அறிந்தபின், அந்தச் சிறுமியின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அகப்படாது என்றே நமக்குத் தோன்றிற்று.

கண்ணைக் கவராத கம்பீரம்

செஞ்சுரியை முதன் முறையாகப் பார்ப்பவர் சிறிது ஏமாற்றமே அடைவார். 'ஸெடான்' என்று சொல்லப்படும் நான்கு கதவு மூடுவண்டி அது. நீண்டு, நிமிர்ந்து, பெரும்பாலும் கறுப்பு வர்ணம் பூண்டு, உத்தியோகஸ்தர் ஒருவர் பொத்தான் போட்ட கோட்டுடன் நிற்பதுபோல் நிற்கும். 2018-ஆம் வருஷத்து வண்டியின் நீளம் 5.3 மீட்டருக்குச் சற்று அதிகம். எடை 2,370 கிலோ. இவ்வளவு பெரிய சரீரத்தை வைத்துக்கொண்டும், 'என்னைப் பார்' என்று அது யாரையும் அழைப்பதில்லை. முகப்பிலே கம்பெனியின் வழக்கமான முத்திரைகூட இல்லை. அதற்குப் பதிலாக, நல்லரசு நடக்கும் காலத்தில் மாத்திரமே பூமிக்கு வரும் என்று கீழை நாடுகளில் நம்பப்படும் 'ஹோ-ஓ' என்னும் தெய்வப் பறவையின் உருவம் பதிக்கப்பட்டிருக்கிறது.

மோட்டார் உலகத்தில் சில வருஷங்களுக்கு ஒரு முறை வேஷத்தை மாற்றிக்கொள்வது சம்பிரதாயம். செஞ்சுரி இந்தச் சம்பிரதாயத்துக்குக் கட்டுப்படவில்லை. 1967-ல் வந்த முதல் வடிவம், பெரிய மாறுதலின்றி 1997 வரையில் முப்பது வருஷம் நீடித்தது. இரண்டாவது வடிவம் 2017 வரையில் இருபது வருஷம் ஓடிற்று. ஆகவே அரை நூற்றாண்டுக் காலத்தில் இரண்டே உருவங்கள்! தாத்தா ஏறின வண்டிக்கும் பேரன் ஏறின வண்டிக்கும் சாயல் ஒன்றே. பிரதம மந்திரிகள், தூதுவர்கள், பெரிய ஸ்தாபனங்களின் தலைவர்கள் ஆகியோர் இதை விரும்பியதற்கு அந்த மாறாமையும் ஒரு காரணம். தங்களுக்குப் பணம் இருக்கிறது என்பதை வீதிக்கு அறிவிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அறிவிப்பது அந்நாட்டு மரியாதைக்குப் பொருந்துவதுமில்லை.

தறியில் பிறந்த தொழில்

'செஞ்சுரி' என்றால் நூற்றாண்டு. எந்த நூற்றாண்டு? 1867-ல் பிறந்த ஸாகிச்சி டொயோடா என்பவருடைய நூறாவது பிறந்த வருஷத்தின் ஞாபகமாக 1967-ல் வைக்கப்பட்ட பெயர் அது. இந்த ஸாகிச்சி மோட்டார்த் தொழில் செய்தவரல்லர் என்பதுதான் வேடிக்கை. அவர் ஒரு தச்சரின் மகன், தறி செய்தவர்.

ஸாகிச்சியின் கிராமத்தில் பெண்கள் வீட்டுத் தறியில் நெய்து வந்தார்கள். அவருடைய தாயாரும் அவர்களில் ஒருவர். இரண்டு கைகளும் ஓயாமல் வேலை செய்ய வேண்டிய அந்தத் தறியைக் கண்டு கண்டு, இந்தச் சிரமத்தைக் குறைக்க வழியில்லையா என்று மகன் யோசித்தார். 1890-ல், ஒரு கையினாலேயே இயக்கக்கூடிய மரத்தறி ஒன்றை அவர் அமைத்தார். அது முதற்படி. அதன்பின் சுமார் முப்பத்தைந்து வருஷம் ஓயாத முயற்சி செய்து, 1924-ல் தானே இயங்கும் தறியைப் பூரணமாக்கினார்.

நெசவு பார்த்த நேயர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். நாடாவிலுள்ள தார் தீர்ந்துவிட்டால் தறியை நிறுத்தித்தானே வேறு தார் போட வேண்டும்? ஸாகிச்சியின் தறி, ஓட்டம் குறையாமலே நாடாவை மாற்றிக்கொண்டது. இதைவிட முக்கியமான குணம் ஒன்றும் அதற்கு இருந்தது. பாவிலோ ஊடையிலோ ஓர் இழை அறுந்தால், அந்தக்ஷணமே தறி தானாக நின்றுவிடும். பழுதான துணியை ஒரு விரற்கடைகூட அது நெய்யாது. 'தப்பு நேர்ந்தால் உடனே நில். திருத்திய பிறகு நட' என்பதே அதன் தர்மம். பிற்காலத்தில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலைகளிலும் இதே விதி நிலைபெற்றது. குறையைக் காணும் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலை வரிசையையே நிறுத்தலாம்.

1929-ல் ஆச்சரியமான ஒரு சம்பவம் நடந்தது. நெசவு யந்திரங்களுக்கு உலகப் பிரசித்தி பெற்ற லங்காஷயரில், ஓல்டம் நகரத்துப் பிளாட் சகோதரர் கம்பெனியார், இந்தத் தறியின் உரிமையைப் பெற 1 லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டனர். உலகத்துக்குத் தறி விற்றவர்கள், கீழை நாட்டுத் தச்சர் மகனிடம் தறியின் உரிமையை விலைக்கு வாங்கினார்கள்! மறு வருஷமே ஸாகிச்சி காலமானார். யந்திர சாஸ்திரம் கற்ற அவர் குமாரர் கீச்சிரோ, 1933-ல் தறிக் கம்பெனியிலேயே மோட்டார்ப் பகுதி ஒன்றைத் தொடங்கினார்.

பிறர் சாயலும் சொந்த முகமும்

தொடக்கம் பெருமைப்படத் தக்கதாக இல்லை. 1936-ல் விற்பனைக்கு வந்த முதல் வண்டியின் உருவம், அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியின் 'ஏர்ஃப்ளோ' வண்டியைப் பின்பற்றியது. எஞ்சின் செவர்லேயைப் பார்த்துச் செய்தது. ஜப்பானியருக்குப் பிறர் செய்ததைப் போலச் செய்யத்தான் தெரியும் என்று மேல்நாட்டார் நகைத்ததற்கு இதுபோன்ற காரணங்கள் இல்லாமலில்லை. யுத்தத்துக்குப் பின் கம்பெனி திவாலாகும் நிலையை எட்டிற்று. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நேர்ந்தன. 1950-ல் கீச்சிரோ பொறுப்பை ஏற்றுப் பதவியைத் துறந்தார்; 1952-ல் மறைந்தார். 1957-ல் 'கிரவுன்' என்னும் வண்டியை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதற்கு மூச்சு முட்டிற்று. 1960-ல் அந்த ஏற்றுமதியை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்த அவமானத்திலிருந்து ஏழே வருஷத்தில் பிறந்தது செஞ்சுரி. முதல் வண்டியில் 3 லிட்டர் கொள்ளளவும் 8 ஸிலிண்டர்களும் கொண்ட எஞ்சின் இருந்தது. அமெரிக்கப் பெருவண்டிகளோடு ஒப்பிட்டால் அதன் பலம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் இந்தத் தடவை, 'எங்கள் நாட்டுப் பெரியவர் ஒருவர் எப்படிப் பிரயாணம் செய்ய விரும்புவார்?' என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். சொந்தமாகக் கேள்வி கேட்கத் தொடங்கியபோது சொந்த முகமும் வந்துவிட்டது.

ஓசையை அடக்கிய வித்தை

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை, வேகம் அன்று, அமைதி. 1997-ல் வந்த இரண்டாவது வடிவத்தில் 5 லிட்டர், 12 ஸிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். ஜப்பானில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட கார்களில் பன்னிரண்டு ஸிலிண்டர் பெற்றது இது ஒன்றே. பன்னிரண்டு எதற்கு? சாதாரணமான நான்கு ஸிலிண்டர் வண்டியில், எஞ்சின் தண்டு ஒரு முறை சுற்றுவதற்குள் இரண்டு வெடிப்புகள் நிகழ்கின்றன. பன்னிரண்டில் ஆறு வெடிப்புகள். ஒரு தள்ளலின் வேகம் ஓயுமுன் அடுத்த தள்ளல் வந்துவிடுகிறது. நான்கு பேர் தூக்கும் பல்லக்குக்கும், பன்னிரண்டு பேர் அடி தவறாமல் சுமந்து செல்லும் பல்லக்குக்கும் உள்ள வித்தியாசமே இது. அன்றியும், ஆறாறாக அமைந்த இரு வரிசைகளையும் தனித்தனியே ஆளும்படி செய்து, ஒரு வரிசை பழுதடைந்தாலும் மற்றொரு வரிசை வண்டியை ஊர் சேர்க்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். பெரியவர்கள் நடுவழியில் நிற்கலாகாதல்லவா?

அதன் பலம் 280 குதிரை என்று அறிவிக்கப்பட்டது. ஜப்பானியக் கம்பெனிகள் யாவும் அக்காலத்தில் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, 280-க்கு மேல் சொல்லிக்கொள்வதில்லை என்று விரதம் பூண்டிருந்தன.

2018-ல் வந்த மூன்றாவது வடிவத்தில் பன்னிரண்டு எட்டாகக் குறைந்தது. ஆனால் மின்சார மோட்டார் துணைக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து 431 குதிரைப் பலம். புறப்படும்போது பெட்ரோல் எஞ்சின் உறங்கிக்கொண்டிருக்க, மின்சாரத்தினாலேயே வண்டி நகரும். வாசலில் நிற்பவருக்கு, வண்டி போய்விட்டது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும், காது சொல்லாது. சக்கரங்களுக்கு மேல் இரும்புச் சுருளுக்குப் பதில் காற்று நிரம்பிய பைகள் பாரத்தைத் தாங்குகின்றன. இதையும் மீறி உள்ளே நுழையும் எஞ்சின் ஓசையை ஒழிக்க ஒரு தந்திரமும் உண்டு. அந்த ஓசையின் அலைக்கு நேர் எதிரான அலையை ஒலிபெருக்கிகள் எழுப்புகின்றன. மேடும் பள்ளமும் சேர்ந்து சமனாவதுபோல் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஓசையை ஓசையினாலேயே அடக்குவது என்பது இதுதான்.

இவ்வளவு கனமான வண்டி எண்ணெயைக் குடித்துத் தீர்த்துவிடுமே என்று நேயர்கள் நினைக்கலாம். ஜப்பானிய அரசாங்கச் சோதனை முறைப்படி, லிட்டருக்கு 13.6 கிலோமீட்டர் என்பது 2018-ல் கண்ட கணக்கு. பெருமாளிகை நடத்தினாலும் அரிசியை அளந்து போடும் குடும்பத்தலைவியைப் போல, இந்த வண்டியும் செல்வத்திலே சிக்கனம் தெரிந்ததுதான்.

எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது ஆசனத்தைப் பற்றிய செய்தி. விலையுயர்ந்த வண்டி என்றால் தோல் விரித்த ஆசனம் என்பது ஐரோப்பிய மரபு. செஞ்சுரியில் தோலும் உண்டு, கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அதற்கு உரிய ஆசனம் ஆட்டு ரோமத்தில் நெய்த கம்பளித் துணிதான். தோல், உட்காருபவர் அசையும்போதெல்லாம் கிறீச்சிடும், வெயிலில் சுடும், குளிரில் சில்லிடும். கம்பளி பேசாது. ஜன்னல்களில் மெல்லிய வெள்ளை லேஸ் திரைகள். முந்தைய வடிவங்களில், முன் ஆசனத்துச் சாய்மானத்தின் நடுவே ஒரு வழி திறந்து, பின்னால் அமர்ந்திருக்கும் பெரியவர் காலை நீட்டிக்கொள்ளவும் வசதி செய்திருந்தார்கள். இந்த வண்டியில் எஜமானர் ஓட்டுவதில்லை, பின்னாலேதான் உட்காருகிறார். ஆகையால் இதன் திறமையை அளக்கக் கடிகாரமும் வேகமானியும் உதவா. பின்னால் இருப்பவர் தூக்கம் கலையாமல் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பதே அளவுகோல்.

கையின் வேலை

யந்திரங்கள் யந்திரங்களைச் செய்யும் இக்காலத்தில், செஞ்சுரியின் பல அங்கங்கள் மனிதர் கையினால் முடிக்கப்படுகின்றன. முகப்பிலுள்ள ஹோ-ஓ பறவையின் அச்சை ஒரு சிற்பி உளியினால் செதுக்குகிறார். ஓர் அச்சுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் பிடிக்கிறதாம். 'காமுய்' என்னும் விசேஷக் கறுப்பு வர்ணம் ஏழு அடுக்காக ஏற்றப்படுகிறது. இடையிடையே மூன்று முறை நீர் விட்டுத் தேய்த்து, இறுதியில் கண்ணாடிபோல் மெருகிடுகிறார்கள்.

கதவுகளின் மேல்விளிம்பில் ஓடும் ஒரு கோட்டைப் பற்றிக் கேளுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஹெய்யான் காலத்து மாளிகைகளில், திரை தொங்கவிடும் மரச்சட்டங்கள் இருந்தன. அவற்றின் முனைகளை வெறுமனே மழுக்காமல், இரு பக்கமும் நுண்ணிய படி வைத்து இழைத்தார்கள் தச்சர்கள். அந்த வேலைக்குக் 'கிச்சோமென்' என்று பெயர். பிற்காலத்தில், சிறு காரியத்தையும் ஒழுங்காகச் செய்யும் மனிதனுடைய குணத்துக்கே அந்தச் சொல் பெயராகிவிட்டது. அதே இழைப்பைத் தகரத்திலே கொண்டுவந்து அந்தக் கோட்டை அமைத்திருக்கிறார்கள். நூறில் ஒருவர் அதைக் கவனிப்பாரோ என்னவோ! ஒவ்வொரு வண்டியையும் செய்த விவரங்களை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் பத்திரப்படுத்தியும் வைக்கிறார்கள். 2018-ல் மாதத்துக்கு ஐம்பது வண்டி என்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு.

சக்கரவர்த்தியின் உபயோகத்துக்காக 2006-ல் இதே இனத்தில் தனியாக வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றின் உட்கூரையில் ஜப்பானியக் கைக்காகிதமும், காலடி வைக்கும் படியில் கருங்கல்லும் பதித்திருக்கிறார்கள். 2019 நவம்பர் 10-ஆம் தேதி, புதிய சக்கரவர்த்தி நருஹிட்டோவும் சக்கரவர்த்தினியும் டோக்கியோ வீதிகளில் பவனி வந்ததும் மேற்கூரை நீக்கிய ஒரு செஞ்சுரியில்தான்.

பல்லக்கைச் சுமப்பவர் யார்?

இதுவரை புகழ்ந்தோம். ஆனால் உபாத்தியாயர் ஒருவர் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது முறையாகாது. 2018-ல் இந்த வண்டியின் விலை 1 கோடியே 96 லட்சம் யென். அதாவது, அப்போதைய நம் கணக்கில் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ரூபாய். தாயின் கைச்சிரமத்தைக் குறைக்கக் கிளம்பிய ஒரு முயற்சி, யாரோ ஒரு பெரியவர் காலை நீட்டிக்கொள்வதில் வந்து முடிவதா என்று ஒருவர் கேட்டால், அது அசூயைக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. முன்னாளில் பல்லக்கை ஆட்கள் தோளில் சுமந்தார்கள். இன்று தோள் தேவையில்லை. எனினும் விலையை யாராவது சுமந்துதானே ஆக வேண்டும்?

ஜப்பானியரே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஹியோகோ மாகாணத்துக் கவர்னருக்காகச் செஞ்சுரியை வாடகைக்கு எடுத்திருந்தது ஜனங்களிடையே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2021-ல் பதவிக்கு வந்த புதிய கவர்னர் அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார். தம் சொந்தப் பணத்தில் ஒருவர் ஏறுவது வேறு. வரி கொடுப்பவர் பணத்தில் ஏறுவது வேறு. எவ்வளவு அடக்கமான வண்டியானாலும், அதற்குக் கொடுத்த பணம் அடக்கமானது ஆகிவிடாது. 2023-ல் செஞ்சுரி என்ற பெயரிலேயே உயரமான மற்றொரு வகை வண்டியையும் 2½ கோடி யென் விலையில் வெளியிட்டார்கள். அடக்கத்தைப் பெருமையாகக் கொண்ட குடும்பத்திலும் ஆடம்பரம் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டதோ என்று நமக்கு ஓர் ஐயம்.

ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செல்வர்களுக்காகச் செய்யப்படும் பொருள்களில் பெரும்பாலானவை, பிறர் கண்ணில் படும் பக்கத்தை மாத்திரம் மினுக்குகின்றன. இந்த வண்டியோ, கண்ணில் படாத இடத்திலும் காதில் விழாத இடத்திலும் உழைப்பைக் கொட்டியிருக்கிறது. கிறீச்சிடாத ஆசனத்துக்கும், யாரும் கவனியாத கோட்டுக்கும் மெனக்கெட்ட அந்தத் தொழிலாளியின் மனப்பான்மைக்கு விலை 1 கோடி அன்று. அதை எந்த ஏழையும் இலவசமாகப் பெறலாம். சட்டை தைப்பவருக்கும், கணக்கு எழுதுபவருக்கும், பாடம் சொல்பவருக்கும் அது பொருந்தும். இழை அறுந்தால் நின்றுவிடும் தறியின் தர்மம், பணக்காரர் கொட்டகைக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையை மறுநாள் வகுப்பில் சொன்னோம். உள்ளே இருப்பவரும் சொல்ல வேண்டாம், வெளியே நிற்பவரும் சொல்ல வேண்டாம். வேலை செய்தவனுடைய மனசாட்சி சொன்னால் போதும் என்று முடித்தோம். பந்தய வண்டிக் கட்சியும் ரோல்ஸ்-ராய்ஸ் கட்சியும் அரை மனதோடு ஒப்புக்கொண்டன. ஆனால் அந்தச் சிறுமி மறுபடியும் எழுந்தாள்.

"ஸார், அந்த நெசவு அம்மாள் அந்த வண்டியில் ஏறினாளா?"

இல்லை என்றோம். வண்டி வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அவள் காலம் முடிந்துவிட்டது. அவள் மகனும் அதைப் பார்க்கவில்லை. அவள் முகம் வாடிற்று. அப்பொழுதுதான் நமக்கு ஆசனத்தின் நினைவு வந்தது. அரசர்கள் அமரும் அந்த இடத்தில் தோல் இல்லை, பட்டுமில்லை; பாவும் ஊடையுமாகத் தறியில் நெய்த துணிதான் விரித்திருக்கிறது என்று சொன்னோம். சிறுமி சற்று யோசித்தாள். பிறகு, "அப்படியானால் சரி, ஸார்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.